வேட்டு போடாத ஞாயிறுகள்

அந்தப் பையை மேல வைக்காதீங்க தம்பி. உள்ள லென்ஸ் இருக்கும்லா? பாலம் ஏறி இறங்கும்போது இந்த பஸ்ஸு தூக்கிப் போட்டுரும். மடியிலயே வச்சுக்கோங்க. நான் கொஞ்சம் தள்ளி உக்காருதேன்.

எங்க போறீங்க, ஆனைமடைக்குளமா? அதானே பாத்தேன். மாசி மாசத்துல இம்புட்டுப் பெரிய பையோட இந்த பஸ்ல ஏறுறவங்க வேற எங்க போவாங்க. போன வருசம் பத்திரிகையில ஒரு படம் வந்துச்சே, நாரை ஒண்ணு விராலை மேல தூக்கிப் போட்டுட்டு வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கும், அதைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? ஆமா, எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க.

அந்தப் படம் நான் எடுத்தது.

சும்மா சொல்லலை. கீழ எபனேசர்னு பேர் போட்டிருந்துச்சுல்லா, அது நான்தான். கையெல்லாம் குடுக்க வேண்டாம் தம்பி, வச்சுக்கோங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க. குளத்து ஸ்டாப்பு வர இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு.

நான் பாளையங்கோட்டையில ஒரு ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுக்கேன். இருபத்தாறு வருசமா அதே இருட்டு ரூம்பு. இந்தப் பக்கம் எங்க சென்டருக்கு ஒரு கிளை இருக்கு, வாரத்துல ரெண்டு நாள் அங்க போறேன். அதான் இந்த பஸ்ஸு. நாலு வருசத்துக்கு முன்னாடி நெஞ்சுல அடைப்புன்னு ஸ்டென்ட் வச்சாங்க. எங்க சென்டரை நடத்துற டாக்டர், "எபனேசர், தினம் காலையில நடக்கணும், வெளிக்காத்து படணும்"ன்னாரு. சும்மா கைய வீசிட்டு நடக்கதுக்கு எனக்கு வராது. மகதான் ஒரு கேமரா வாங்கிக் குடுத்தா. அப்படி வந்து ஒட்டுனதுதான் இந்தப் பைத்தியம்.

ரெண்டு வருசம் எடுத்தேன் தம்பி. நாரை நிக்கும், கொக்கு நிக்கும், கரண்டிவாயன் நிக்கும். எல்லாம் நிக்குற படந்தான். மீனைக் குத்துறதை எடுக்க முடியலை. உங்களுக்கே தெரியும். நாப்பது நிமிசம் கல்லு மாதிரி நிக்கும் அது. நாமளும் மூச்சு விடாம படுத்துக் கெடப்போம். கையில எறும்பு ஊரும், மூக்குல கொசு உக்காரும். சட்டுன்னு கழுத்து போய்ட்டு வந்துரும், நம்ம விரல் அமுக்குறதுக்குள்ள மீனு தொண்டைக்குள்ள இறங்கிரும். வீட்ல வந்து பாத்தா படத்துல வெறும் தண்ணி தெறிக்கும், அம்புட்டுதான்.

ஆனைமடைக்குளத்துல இன்னொரு தொந்தரவு. வேட்டு.

குளத்துல மீன் வளக்க குத்தகைக்கு எடுத்திருக்காங்க. தண்ணி வத்த வத்த நாரையெல்லாம் கூட்டமா வந்து இறங்கும், மீனைத் தின்னுரும். அதனால விடிஞ்சதுல இருந்து காவக்காரர் ஒருத்தர் வேட்டு போட்டுக்கிட்டே இருப்பாரு. நான் மொத நாளு அங்க போய் ஒரு மணி நேரம் சேத்துல படுத்துக் கெடந்து, ஒரு சாம்பல் நாரை அப்பத்தான் கழுத்தைச் சாய்க்கு, டமார்னு ஒண்ணு போட்டாரு பாருங்க. குளமே எந்திரிச்சுப் பறந்து போச்சு.

"ஏன்வே, ஒரு நிமிசம் பொறுக்கக் கூடாதா?"ன்னு கத்துனேன்.

கரையில இருந்து ஒரு ஆளு எந்திரிச்சாரு. என் வயசுதான் இருக்கும். இடது கால் மடங்காது, சின்ன வயசுல பனையில இருந்து விழுந்ததாம். அதை நீட்டி ஊணி ஊணி வந்தாரு. "பொறுத்தா மீனு போயிரும்லா சார். பொறுக்காம இருக்கதுக்குத்தானே எனக்குச் சம்பளம்"ன்னாரு. கோவமா சொல்லலை. சிரிச்சுக்கிட்டு சொன்னாரு.

அதுதான் தங்கப்பழம்.

அவருக்கு அந்தப் பறவைகளை எல்லாம் தெரியும் தம்பி. விரட்டுறவருதான், ஆனா விரட்டுறவனுக்குத்தானே எது எங்க வரும்னு தெரியும். புத்தகத்துல உள்ள பேரு ஒண்ணும் தெரியாது. எல்லாம் அவரு வச்ச பேரு. அந்த ஒத்தச் சாம்பல் நாரைக்கு தாசில்தார்னு பேரு வச்சிருந்தாரு. "பாருங்க சார், கைய பின்னாடி கட்டிக்கிட்டு நடக்க மாதிரி இல்ல? யாரு வீட்டு வாசல்லயும் நிக்கும், யாருட்டயும் பேசாது"ன்னாரு. நல்லாச் சிரிச்சேன். அந்த தாசில்தார் எங்க நிக்கும், ஏன் நிக்கும்னும் அவருதான் சொன்னாரு. மடைக்கல்லு நிழல்ல விரால் ஒதுங்குமாம். வெயில் ஏற முன்னாடி மேல வந்து காத்து குடிக்குமாம். அப்பத்தான் குத்தும். "நீங்க இங்கன படுத்துக் கெடக்காதீங்க. அந்த மூலையில போய்ப் படுங்க. சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி வரும்"ன்னாரு. லென்ஸு பத்தி ஒண்ணும் தெரியாதவரு சொல்லுதாரு பாருங்க. அவரு சொன்ன இடம்தான் சரியான இடம்.

ஒரு நாள் நான்தான் கேட்டேன். "தங்கப்பழம், ஞாயித்துக்கெழமை மட்டும், ஏழு மணி வரைக்கும் வேட்டு போடாம இரும்வே. எனக்கு ஒரே ஒரு படம் போதும்."

தலையைச் சொறிஞ்சாரு. "மொதலாளி வீடு ரோட்டுக்கு அங்குட்டுத்தான் சார் இருக்கு. சத்தம் கேக்கலைன்னா கேப்பாரு."

"ஞாயித்துக்கெழமை அவரு எந்திரிக்கவே ஏழாகும்வே."

யோசிச்சாரு. "நீங்களும் எம்புட்டு நாளுதான் வெறுங்கையோட போவீங்க"ன்னாரு. ஒத்துக்கிட்டாரு.

நான் அதுக்கு ஒண்ணும் குடுக்கலை, அவரும் கேக்கலை. ப்ளாஸ்குல காப்பி கொண்டு போவேன், ரெண்டு பேரும் குடிப்போம். அம்புட்டுதான். ஒரே ஒரு ஞாயிறுன்னுதான் ஆரம்பிச்சேன். மொத ஞாயிறு படம் சரியா வரலை. ரெண்டாவது ஞாயிறு பனி. மூணாவது ஞாயிறு அது கெண்டைப் பொடிசைத்தான் பிடிச்சுது. அப்படி ஏழு ஞாயிறு. நடுவுல புதங்கெழமை எனக்கு லீவு, அன்னைக்கும் ரெண்டு மூணு தடவ. ஏழு மணிங்கிறது எட்டாச்சு. ஒரு நாள் எட்டரை வரைக்கும் கூட.

பறவைக்குக் கெழமை தெரியுமோ என்னவோ. ஞாயித்துக்கெழமை வந்தா எங்கெங்க இருந்தோ வந்து இறங்குச்சு. மஞ்ச மூக்கு நாரையே முந்நூறு இருக்கும். அதுக தின்னது எல்லாம் மீனுதான், எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனா குளத்துல இல்லாத மீனா, கடல் மாதிரி கெடக்கு குளம்னு நெனச்சுக்கிட்டேன். கண்ணுல தாசில்தாரைத் தவிர ஒண்ணும் தெரியலை.

மூணாவது ஞாயிறா நாலாவதா, காப்பியை ஊதிக்கிட்டே தங்கப்பழம் சொன்னாரு. "சார், ஒண்ணே ஒண்ணு. என்னை மட்டும் படத்துல பிடிச்சுராதீங்க. வேட்டு போடாம உக்காந்திருக்கதை மொதலாளி பாத்தாருன்னா அம்புட்டுதான்."

"சே, உம்மை எதுக்குவே நான் எடுக்கப் போறேன்?"ன்னேன்.

சொல்லும்போது அது நெசந்தான் தம்பி. அவரை எடுக்கணும்னு நான் நெனைக்கவே இல்ல. அதை நீங்க நம்பணும்.

எட்டாவது ஞாயிறு. மாசி கடைசி. குளத்துல தண்ணி முழங்காலுக்குக் கீழ. அஞ்சே முக்காலுக்கு நான் மூலையில படுத்துட்டேன். தாசில்தார் வந்தாரு. ஆமா, எனக்கும் அப்படியே பழகிப் போச்சு. மடைக்கல்லுக்கு ரெண்டடி தள்ளி நின்னுச்சு. சூரியன் கரைக்கு மேல ஏறுது. அது கழுத்தை மெல்லச் சாய்க்கு. என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்கு, ஸ்டென்ட் வச்ச நெஞ்சு. குத்துச்சு. முழங்கை நீளம் விரால். வாயில வச்சு ஒரு உலுக்கு உலுக்கி, தலைப்பக்கம் முதல்ல போகணும்லா, அதுக்காக மேல தூக்கி எறிஞ்சுது. நான் அமுக்குன விரலை எடுக்கவே இல்ல. பதினாலு படம் விழுந்துச்சு.

ஒம்பதாவது படம்தான் நீங்க பாத்தது. விரால் ஆகாசத்துல தலைகீழா நிக்கி. ஒவ்வொரு சொட்டுத் தண்ணியும் தனித்தனியாத் தெரியுது. அதுக்குப் பின்னால கரை வளையுற இடத்துல, மங்கலா, ஒரு ஆளு உக்காந்திருக்காரு பாத்தீங்களா? அவரு எப்பவும் அந்த நேரம் கரைக்கு அங்குட்டு இறங்கிப் போயிருவாரு. அன்னைக்குப் போகலை. அவருக்கும் ஆசை இருக்கும்லா? ரெண்டு மாசமா என்கூடவே காத்துக் கெடந்தவரு. வேட்டுப் பை பக்கத்துல கெடக்கு. தீப்பெட்டி கையில இருக்கு. நீட்டுன காலை எடுக்காம, வாயைப் பொளந்துக்கிட்டு விராலையே பாத்துட்டு இருக்காரு.

வீட்ல கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். அவரை வெட்டிட்டும் பாத்தேன். வெட்டுனா வெறும் நாரை, வெறும் மீனு. நல்ல படந்தான், ஆனா அந்த மாதிரிப் படம் ஆயிரம் பேரு வச்சிருக்கான். அவரு இருந்தா வேற மாதிரி ஆயிருது தம்பி. என் வீட்டுக்காரி சுகந்தி பின்னால நின்னு பாத்துட்டு, "நாரையை விட அந்த ஆளு ஆச்சரியமாப் பாக்காரே"ன்னா. அவ்வளவுதான், வெட்டுறதுக்கு எனக்குக் கை வரலை.

மங்கலாத்தானே இருக்காரு, மூக்கு முழி ஒண்ணும் தெரியலையேன்னு நெனச்சேன். முகம் தெரியலைன்னா யாருன்னு தெரியாதுன்னு நெனச்சேன். அந்தக் காலு இருக்கே. அப்படிக் காலை நீட்டிக்கிட்டு அந்தக் கரையில உக்கார ஆளு இன்னொருத்தர் உண்டா? அது எனக்குத் தோணலை. தோணலைன்னுதான் சொல்லுதேன். தோணியிருந்தா வெட்டியிருப்பேன். வெட்டியிருப்பேன்னுதான் நெனைக்கேன்.

போட்டிக்கு அனுப்புனேன். மொத பரிசு. சென்னையில மேடையில நிக்க வச்சு சால்வை போட்டாங்க. பரிசு குடுத்தவரு மைக்குல, "இந்தப் படத்தில் பறவை மட்டும் இல்லை, பறவையைத் தொந்தரவு செய்யாத ஒரு எளிய மனிதரும் இருக்கிறார்"ன்னு பேசுனாரு. கை தட்டுனாங்க. மறுநாள் பத்திரிகையில வந்துச்சு. படத்துக்குக் கீழ குளத்துப் பேரு, மாவட்டம் எல்லாம் போட்டிருந்தாங்க. நான்தான் எழுதிக் குடுத்திருந்தேன், விண்ணப்பத்துல கேட்டிருந்தாங்க.

படம் எடுத்த நாள்ல இருந்து மூணு வாரம் நான் குளத்துப் பக்கம் போகலை. அலைச்சல்தான், வேற ஒண்ணும் இல்ல. போய் அவருட்ட படத்தைக் காட்டணும்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன்.

பங்குனியில ஒரு நாள், சென்டர்ல கூட்டம். உள்ள ஒரு அம்மாவை இடுப்பு எக்ஸ்ரேக்குப் படுக்க வச்சிருக்கேன். போன் வந்துச்சு, தெரியாத நம்பரு. "எபனேசர் சாரா? நான் செந்தூர்பாண்டி பேசுதேன். ஆனைமடைக்குளம் குத்தகை எடுத்திருக்கேன்"ன்னாரு.

மரியாதையாத்தான் பேசுனாரு. "உங்க படத்தைப் பாத்தேன் சார், ரொம்ப நல்லா இருக்கு. ஒரு விசயம் தெரியணும். படம் எடுக்கதுக்கு எங்க காவக்காரன்கிட்ட கேட்டுக்கிட்டீங்களா? அவன் உங்களுக்குப் பழக்கமா?"

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க தம்பி. அவரு பெரிய ஆளு. எங்க டாக்டருக்கு வேண்டியவரு, டாக்டர் வீட்டு விசேசத்துல நானே பாத்திருக்கேன். மீனு போச்சுன்னு அவரு டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொன்னாருன்னா என் கதி என்ன? வேலை பாக்குற வயசு இன்னும் நாலு வருசந்தான். போதாக்குறைக்கு அந்த அம்மா வலியில கத்துது.

"இல்லைங்க. நான் ரோட்டுல இருந்து பெரிய லென்ஸ் வச்சு எடுத்தேன். அங்க யாரையும் எனக்குத் தெரியாது"ன்னேன்.

"சரி சார்"ன்னு வச்சுட்டாரு.

ரெண்டு நிமிசப் பேச்சு. நான் யாரையும் மாட்டி விடலை பாருங்க. அந்த ஆளு கெட்டவரு, திருடுனாருன்னு ஒரு சொல்லு சொல்லலை. தெரியாதுன்னுதான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு போனேன். காலையில அஞ்சரைக்கே ரோட்டுல போகும்போதே கேட்டுச்சு, டமார் டமார்னு. கரையில வேற ஆளு. வயசுப் பையன் மாதிரி, கட்டம் போட்ட கைலி. "பழைய ஆளை நிப்பாட்டியாச்சு சார். மீனு பிடிச்சு வித்துருக்கான். வருசா வருசம் வர்ற மீனுல இந்த வருசம் பாதிதான். கேட்டா, வேட்டு போடலை, நாரை தின்னுட்டுன்னு சொல்லுதானாம்"னாரு.

நான் வண்டியைத் திருப்பிட்டு வந்துட்டேன். சர்ச்சுக்கு நேரமாச்சு அன்னைக்கு.

அப்புறம் நாலு மாசம். அந்த நாலு மாசமும் என்ன செஞ்சேன்னு கேக்காதீங்க. தூங்குனேன், சாப்பிட்டேன், எக்ஸ்ரே எடுத்தேன். எங்க ஹால்ல அந்தப் படத்தைப் பெருசாப் போட்டு மாட்டுனா சுகந்தி. வர்றவங்க எல்லாம் அது முன்னாடி நின்னு பாப்பாங்க. நான் டிவி பாக்க மாதிரி திரும்பி உக்காந்துக்குவேன்.

ஆடி மாசம் ஒரு நாள் மத்தியானம், சீட்டைப் பாக்காமலே "அடுத்து"ன்னு கூப்பிட்டேன். வலது கையை இடது கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, காலை ஊணி ஊணி உள்ள வந்தாரு.

தங்கப்பழம். என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "நீங்கதான் இருப்பீங்கன்னு தெரியும் சார். வேற எங்க போகன்னு இங்கயே வந்துட்டேன்."

செங்கல் சூளையில லோடு ஏத்தப் போயிருக்காரு. அந்தக் காலை வச்சுக்கிட்டு! பலகையில ஏறும்போது வழுக்கி விழுந்து, தோள்பட்டை எலும்பு. சட்டையைக் கழட்ட நான்தான் உதவி செஞ்சேன். மெலிஞ்சு போயிருந்தாரு. நிக்க வச்சேன், தோளை மெல்லத் திருப்புனேன். பல்லைக் கடிச்சுக்கிட்டாரு, ஒரு சத்தம் போடலை.

"அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க"ன்னேன். என்னைக்கும் நீரு, வாரும்னுதான் பேசுவேன். அன்னைக்கு நீங்கன்னு வந்துச்சு.

படம் விழுந்தப்புறம் சும்மா இருந்திருக்கலாம். நான்தான் ஆரம்பிச்சேன். "தங்கப்பழம், நடந்தது எல்லாம் ரொம்பப் பின்னாடிதான் எனக்குத் தெரியும். உங்க மொதலாளி எனக்கு ஒரு போன் கூடப் பண்ணலை. பண்ணியிருந்தா நான் சொல்லியிருப்பேன்லா, நான்தான் வேட்டு வேண்டாம்னேன்னு."

அவரு என்னையே பாத்தாரு.

"அப்படியா சார்"ன்னாரு.

"ஆமா."

"சரி சார். அந்தப் படம் இருக்கா உங்கட்ட? எனக்கு யாரும் சரியாக் காட்டலை."

போன்ல எடுத்துக் குடுத்தேன். நாரையைப் பாக்கலை அவரு. விரலால தள்ளித் தள்ளி, தன்னைத்தான் பெருசாக்கிப் பாத்தாரு. "காலை நீட்டிட்டுல்லா உக்காந்திருக்கேன். அதான் கண்டுபிடிச்சுட்டாங்க"ன்னாரு. அப்புறம், "நல்லாத்தான் சார் இருக்கு"ன்னு போனைத் திருப்பிக் குடுத்தாரு.

போகும்போது ஒரு உதவி கேட்டாரு. அரிசி ஆலையில காவல் வேலை ஒண்ணு காலியா இருக்காம். ஆனா பழைய எடத்துல திருடுனான்னு பேரு வந்துட்டுல்லா, யாராவது படிச்சவங்க ஒரு லெட்டர் குடுத்தா எடுத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்காங்க. "வீட்டுக்காரிய அனுப்புதேன் சார், எழுதி வைங்க"ன்னாரு.

எழுதுனேன். ரெண்டு ராத்திரி எழுதுனேன். 'தங்கப்பழம் என்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் உழைப்பாளி, நாணயமானவர், எந்தப் பொறுப்பையும் நம்பி ஒப்படைக்கலாம்.' நல்ல தாள்ல, கையெழுத்துப் போட்டு, என் வேலை, விலாசம் எல்லாம் போட்டு.

அவரு வீட்டுக்காரி பேரு சொர்ணக்கிளி. சென்டர் வாசல்ல வந்து நின்னாங்க. பத்தாவது வரைக்கும் படிச்சவங்களாம். கவரை வாங்கிட்டுப் போயிருவாங்கன்னு பாத்தா, அங்கனயே பிரிச்சு வாசிச்சாங்க. ரெண்டு தடவ வாசிச்சாங்க.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். இதுல நீங்க எங்க இருக்கீங்க?"ன்னாங்க.

"கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன்லா"ன்னேன்.

"அது தெரியுது. அவரு நல்லவருன்னு எங்களுக்கே தெரியும், அதுக்கு லெட்டர் வேண்டாம். வேட்டு போட வேண்டாம்னு சொன்னது யாருன்னு ஒரு வரி எழுதுங்க சார். நாங்க கேக்கது அந்த ஒரு வரிதான்."

சுத்தி ஆளுக நிக்காங்க. ரிசப்சன்ல இருக்க பிள்ளை எட்டிப் பாக்கு. "யோசிச்சு எழுதுதேன்மா, நாளைக்கு வாங்க"ன்னேன். அவங்க தாளை மடிச்சு, கவருக்குள்ள போட்டு, என் கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாங்க. மறுநாள் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. அந்த அரிசி ஆலை வேலைக்கு வேற ஆள் போட்டாச்சுன்னு பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஒரு வரியை என்னால எழுத முடியலை தம்பி. பேனாவைத் தொறப்பேன், டாக்டர் முகம் வரும். மூடிருவேன்.

கடைசியில ஐப்பசியில போனேன். மனசு உறுத்தித்தான் போனேன், யாரும் அனுப்பலை. செந்தூர்பாண்டி மொதலாளிக்கு பஜார்ல உரக்கடை இருக்கு. நாலு விவசாயிக உக்காந்திருந்தாங்க. தனியாப் பேசலாமான்னு கேட்டேன். "இங்கனயே சொல்லுங்க சார், எல்லாம் நம்ம ஆளுகதான்"ன்னாரு. சொல்லிட்டேன். எட்டு ஞாயிறு, சில புதங்கெழமை, நான் கேட்டுத்தான் அவரு வேட்டு போடலை, ஒரு மீனு கூட அவரு எடுக்கலை, எல்லாம் சொன்னேன். சொல்லி முடிச்சதும் சட்டை நனைஞ்சு போச்சு.

அவரு சத்தம் போடுவாருன்னு நெனச்சேன். போடலை. கணக்கு நோட்டை மூடி வச்சாரு.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்"ன்னாரு. "பதினோரு வருசம் என்கிட்ட இருந்தவன். படத்தைப் பாத்துட்டு அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். எக்ஸ்ரே சார் கேட்டுக்கிட்டாரு, அதான் வேட்டு போடலைன்னான். சரி, அவருட்டயே கேப்போம்னுதான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவனை நாலு திட்டு திட்டிட்டு வேலையில விட்டிருப்பேன். நீங்க படிச்சவரு, தெரியவே தெரியாதுன்னுட்டீங்க. அப்ப இவன் சொன்னது பொய்யின்னுதானே ஆகுது? இதுல பொய் சொன்னவன் மீனை வித்துருக்க மாட்டானான்னு எனக்குத் தோணிட்டு."

அவரு விடலை.

"அவன் அப்ப என் முன்னாடிதான் சார் நின்னான். போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், நீங்க சொல்லுறதை அவனும் கேக்கட்டும்னு. யாரையும் தெரியாதுன்னு நீங்க சொன்னதைக் கேட்டான். நான் பொய் சொல்லலை மொதலாளின்னு கத்துவான்னு பாத்தேன். கத்தலை. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டு இறங்கிப் போயிட்டான். அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

கேட்டுட்டாரு தம்பி. என் குரல்ல, என் வாயால. பங்குனியிலயே கேட்டுட்டாரு.

கேட்டவருட்டத்தான் ஆடியில போய், எனக்குப் போனே வரலைன்னு சொல்லியிருக்கேன். உடைஞ்ச தோளோட நின்னுக்கிட்டு அப்படியா சார்னு கேட்டாரே, அது என்னன்னு அந்த உரக்கடையில உக்காந்திருக்கும்போதுதான் எனக்குப் புரிஞ்சுது. தண்ணி குடுத்தாங்க, குடிச்சேன்.

மொதலாளி அங்கன வச்சே அவருக்குப் போன் போட்டாரு. அதுக்குள்ள தங்கப்பழம் குடும்பத்தோட கொல்லம் பக்கம் போயிருந்தாரு. ஒரு முந்திரி ஆலையில காவல் வேலை. சொர்ணக்கிளியம்மாவுக்கும் அதே ஆலையில கொட்டை உடைக்க வேலை. "ஏய், எக்ஸ்ரே சார் வந்து எல்லாம் சொல்லிட்டாரு. நீ வாடே, பழைய வேலையில இரு"ன்னாரு மொதலாளி. அந்தப் பக்கம் என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கலை. மொதலாளி ரெண்டு மூணு தடவ "வாடே"ன்னு சொன்னாரு. அப்புறம் "சரி, உன் இஷ்டம்"ன்னாரு. என் பக்கம் போனை நீட்டி, "பேசுதீங்களா?"ன்னாரு.

நான் கையை ஆட்டிட்டேன். நாலு பேரு முன்னாடி என்னத்தப் பேச? அழுகை வந்துட்டா?

திருட்டுப் பேரு மட்டும் போயிட்டு. வேட்டு போடாததுக்கு நான்தான் காரணம்னு மொதலாளியே அந்த ஊரு முழுக்கச் சொல்லிட்டாரு. எங்க டாக்டருக்கும் தெரிஞ்சுது. அவரு ஒண்ணும் சொல்லலை, "இனிமே கவனமா இருங்க எபனேசர்"ன்னாரு. அம்புட்டுதான். இதுக்கா நான் ஏழு மாசம் பயந்தேன்னு இருந்துச்சு.

படமா? ஹால்லதான் இருக்கு. கழட்டச் சொன்னேன், சுகந்தி கழட்டலை. நானே கழட்டியிருக்கலாம்தான். நல்ல படம் தம்பி அது. அந்த மாதிரி இன்னொண்ணு எனக்கு விழாது.

மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியலை, அதான் உங்கட்ட சொல்லுதேன். போன மாசம் கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு பசங்க பையோட வந்தாங்க, அவங்கட்டயும் சொன்னேன். அதுக்கு முன்னாடி ஒரு டீச்சரம்மா. பாஸ்டர்ட்ட சொல்லிட்டேன். மகட்ட போன்ல சொல்லிட்டேன், அழுதா. சொன்னா கொஞ்சம் லேசாகுது. மறைச்சு வைக்கிற ஆளு இல்ல நான்.

அந்தா குளத்துக் கரை தெரியுது பாருங்க. எந்திரிங்க, அடுத்த ஸ்டாப்புதான். மடைப் பக்கம் போகாதீங்க, சேறு ஆழம்.

என்ன கேட்டீங்க? தங்கப்பழத்துட்டயா?

நம்பர் இருக்கு. மொதலாளிட்ட அன்னைக்கே வாங்கி வச்சுட்டேன். ஆனா அவருட்ட என்னத்தப் புதுசா சொல்ல தம்பி? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.